கூரையும் கம்பியும் கடனட்டையும்



யாருடைய நினைவாக இந்த அறக்கட்டளை அமைந்ததோ அந்தப் பெரியவர் ஆரம்பப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வித்துவான் பட்டமோ மேடைப் பழக்கமோ இல்லாத அவர், பள்ளிக்கூடம் விட்ட மாலைப் பொழுதுகளில், மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வந்த நோட்டீசுகளைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்ற ஜனங்களைத் தம் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, வரிக்கு வரி தமிழில் படித்துச் சொல்லி, பதில் மனுவும் எழுதிக் கொடுத்து வந்தார். நுகர்வோர் நீதிமன்றம் என்ற பெயரே இந்நாட்டில் பிறவாத காலம் அது. ஆகவே, அவர் பெயரால் நடைபெறும் இச்சொற்பொழிவில் காவியத்தையும் கல்வெட்டையும் விட்டுவிட்டு, கடன், மின்சாரம், குடியிருப்பு என்னும் மூன்று லௌகிக விஷயங்களை எடுத்துக்கொண்டதற்கு நான் மன்னிப்புக் கோர வேண்டியதில்லை என்று எண்ணுகிறேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி ஒப்புதல் பெற்றது. அதன் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு சட்டங்களுக்கும் வாசற்படி ஒன்றுதான்: பிரதிபலன் கொடுத்து ஒரு பொருளையோ சேவையையோ பெற்றவனே நுகர்வோன், இலவசமாகச் செய்யப்படும் சேவை சேவையாகாது. கடையில் துணி வாங்கியவருக்கும், பட்டணத்தில் அடுக்ககத்துக்கு முன்பணம் கட்டியவருக்கும் இந்தப் படி தடுக்குவதில்லை. வீடு கட்டித் தருவதும் சேவையே என்று 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2016-இல் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமும் வந்துவிட்டது. இந்தப் படியில் கால் இடறுகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டுமானால் மூணாற்றுக்குப் போக வேண்டும்.

1877-ஆம் ஆண்டில் பூஞ்சாற்று அரச குடும்பத்தார் ஜான் டேனியல் மன்றோ என்னும் துரைக்குக் கண்ணன் தேவன் மலைகளை எழுதிக் கொடுத்த பிறகு, அங்கே கொழுந்து கிள்ளிய தமிழ்க் குடும்பங்கள் மூன்று தலைமுறை, நான்கு தலைமுறை என்று லயங்களிலேயே பிறந்து, லயங்களிலேயே மணம் முடித்து, வேலை ஓய்ந்த அன்று வெளியேற வேண்டியவர்களாக வாழ்ந்து வருகின்றனர். ஒரே நீண்ட கூரையின் கீழ் வரிசையாக அமைந்த சிற்றறைகளே லயம். வாடகை கிடையாது, ஆகையால் அவர்கள் குடிக்கூலிக்காரர்கள் அல்லர். பிரதிபலன் பணமாகக் கொடுக்கப்படவில்லை. ஆகையால் நுகர்வோரும் அல்லர் என்று வாதிக்க இடமிருக்கிறது. பட்டா இல்லை, உரிமையாளர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த இடத்தில் ஒரு வினோதத்தைக் கவனிக்கும்படி வேண்டுகிறேன். 2005-இல் டாடா டீ நிறுவனம் தோட்டத் தொழிலிலிருந்து விலகியபொழுது, பணியாளர்களையே பங்குதாரர்களாக்கி உருவானது கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி. அக்கம்பெனியே அந்தப் பகுதிக்கு மின் விநியோக உரிமமும் பெற்ற ஸ்தாபனம். ஆக, ஒரே கம்பெனி ஒரு தொழிலாளிக்கு எஜமானன், வீடு கொடுப்பவன், விளக்குக்கு மின்சாரம் கொடுப்பவன், அவர் பங்கு வைத்திருந்தால் அவருக்கே ஒரு வகையில் சொத்து! இவ்வளவு உறவுகளுக்கிடையே சட்டம் அவரை எங்கே நுகர்வோர் என்று ஒப்புக்கொள்கிறது என்று தேடினால், மின்கம்பியில் மட்டுந்தான் ஐயமற ஒப்புக்கொள்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் தரும் இலக்கணம் விசாலமானது: எந்த இடத்துக்கு மின் இணைப்பு இருக்கிறதோ அந்த இடத்துக்குரியவர் நுகர்வோர், பணம் கொடுத்தாரா, யார் கொடுத்தார் என்ற கேள்வி அந்த இலக்கணத்தில் இல்லை. பதினைந்து நாள் எழுத்துமூல நோட்டீசு கொடுக்காமல், பாக்கிக்காக அவருடைய இணைப்பைத் துண்டிக்கலாகாது. அவருடைய குறையைக் கேட்க ஒரு மன்றம் உண்டு, அதற்கு மேல் ஒரு ஓம்புட்ஸ்மன் உண்டு. அதே அறையில், விட்டத்தில் தொங்கும் விளக்குக்கு இத்தனை காவல். விளக்கைத் தாங்கும் விட்டத்துக்கு ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்பது மிகை என்று சட்டம் அறிந்தவர்கள் குறுக்கிடுவார்கள். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கட்டித் தரவும் பராமரிக்கவும் முதலாளியைக் கடமைப்படுத்தியது. 1981-இல் சேர்க்கப்பட்ட 16ஏ பிரிவு, வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ மாண்டால் முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்றது. ஆனால் அந்தப் பிரிவிலேயே ஒரு விலக்கு: இயற்கைச் சீற்றத்தால் இடிந்தால் பொறுப்பில்லை. 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, பெருமழையில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடி லயங்கள் மீது மலை சரிந்து எழுபது பேரைக் கொண்டுபோயிற்று. மின்சாரம் நின்று கைபேசிக் கோபுரம் செத்துக் கிடந்தமையால், விடிந்த பிறகே வெளியுலகம் அதை அறிந்தது. மலை சரிந்தது இயற்கைதான். சரியும் மலையின் அடியில் மனிதர்களைக் குடியமர்த்தியது இயற்கையன்று. எந்தக் கம்பெனியின் மீதும் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. சட்டத்தின் அந்த விலக்கைத்தான் குற்றம் சொல்லுகிறேன். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகளிலும் அந்த விலக்கு அப்படியே நீடிக்கலாமா என்பது கேட்கத் தகுந்த கேள்வி.

லயம் இலவசம் என்பதையே நான் ஒப்பவில்லை. 1995-இல் இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி. பி. சாந்தா என்பவருக்குமான வழக்கில், ஊழியரின் பணி நிபந்தனையாக எஜமானன் வைத்தியச் செலவை ஏற்றால் அந்த வைத்தியம் இலவசமாகாது என்று உச்ச நீதிமன்றம் வகுத்தது. வைத்தியத்துக்குப் பொருந்தும் நியாயம் வீட்டுக்குப் பொருந்தாமற்போக நான் காரணம் காணவில்லை. மழையில் அட்டை கடிக்க, முதுகில் கொழுந்துக் கூடை சுமந்து, கைக்காசாக வராத கூலியின் ஒரு பகுதியாகத்தானே அவர்கள் அந்தக் கூரையைப் பெறுகிறார்கள்! 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில், தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுப் போனசுக்காகத் தெருவில் உட்கார்ந்த பெண்கள் பேசிய பேச்சிலும் கூலியையும் லயத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. மின்சாரச் சட்டத்தின் அந்த விசாலமான இலக்கணத்தைக் கூரைக்கும் நீட்டுங்கள் என்பதே நான் வேண்டுவது.

இனி, சமவெளிக்கு இறங்குவோம். இங்கே வீட்டுக்குப் பட்டா உண்டு, தொல்லை கடனில். மலையாளத்தார் ‘பிளேடு’ என்றும் நாம் கந்துவட்டி என்றும் சொல்லும் அந்தத் தொழிலின் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் கடன் என்று பெயர். கையில் கொடுப்பது ஒன்பதாயிரம். வாரம் ஆயிரமாகப் பத்து வாரத்தில் வசூல். ஆயிரந்தானே வட்டி என்று தோன்றும். வாரா வாரம் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் சேர்த்தால், வருஷத்துக்கு நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது. இதற்கு மாற்றாக, 2018-இல் இதே பாலக்காட்டு மாவட்டத்து மண்ணார்க்காட்டில் கூட்டுறவுச் சங்கங்களும் குடும்பஸ்ரீ சுய உதவிக் குழுப் பெண்களும் சேர்ந்து ‘முற்றத்தெ முல்ல’ என்ற திட்டத்தைத் தொடங்கி, நூற்றுக்குப் பன்னிரண்டு வருஷ வட்டிக்கு வீட்டு வாசலிலேயே கடன் கொடுத்து, வாசலிலேயே தவணை வாங்கினார்கள். முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்பது பழமொழி; வாசலிலே பூத்த இம்முல்லை அதைப் பொய்யாக்கியது.

பிளேடுக்காரனைப் போலீசு பிடிக்கலாம். ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்று, சட்டை மடிப்புக் கலையாமல் வரும் வாரக்கடன் கம்பெனியை என்ன செய்வது? கேரளத்தின் 1958-ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டம் அத்தகைய கம்பெனிகளைக் கட்டாது என்று 2022 மே மாதத்தில் நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. மிஞ்சியிருப்பது அதே வருஷம் ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதிகள். அவற்றைத் தாய்மார்கள் மனத்தில் இருத்த வேண்டும். குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைகளுக்குப் போகலாகாது. காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் கடன் கேட்டுத் தொந்தரவு செய்யலாகாது. முன்கூட்டியே கடனைத் தீர்த்தால் அபராதம் இல்லை. வட்டியும் கட்டணமும் எல்லாம் சேர்த்து ஒரு விவரத்தாள், கடன் வாங்குபவருக்குப் புரியும் பாஷையில் தரப்பட வேண்டும். சென்ற மாதம் ஓர் அம்மாள் என்னிடம் காட்டிய கடனட்டை முழுவதும் ஆங்கிலம். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமோ ‘குரூப்’, ‘சென்டர்’, ‘டியூ’ என்ற மூன்று சொற்கள். குழுவாகச் சேர்ந்து வாங்கிய கடனில் ஒருத்தி தவணை தவறினால் குழுவிலுள்ள மற்றவர்களே அவள் வீட்டு முன் நிற்க வேண்டிவருவதால், வசூல்காரனுக்குக் குரலை உயர்த்தும் சிரமங்கூட இல்லை.

பாஷையைப் பற்றி ஒன்று. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசாங்கத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதிலும் பெறலாம் என்கிறது. அந்தச் சலுகையைப் பிரயோகித்தவர்களை இச்சபையில் கைதூக்கச் சொன்னால் எத்தனை கைகள் எழும் என்று எனக்குத் தெரியும், ஆகையால் கேட்கவில்லை. உரிமையை அறியாமை பாஷையோடு நிற்கவில்லை; இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கரண்டு பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 250 யூனிட்டு வரை படிப்படியாக ஏறும் விகிதம், அதைத் தாண்டியதும் படிகளைக் கலைத்துவிட்டு முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர்ந்த விகிதமாகிவிடுகிறது. நாம் கட்டிய காப்புத்தொகைக்கு வருஷந்தோறும் வட்டி சேர வேண்டும். இவ்விரண்டையும் அறிந்து பில்லைச் சரிபார்ப்பவர் அரிதான சில வீடுகளில்தான் இருக்கிறார்.

மூணாற்றுக்கு அப்பாலுள்ள வட்டவடையிலிருந்து ஒருவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். ஐந்து லட்சம் வரை புகாருக்குக் கட்டணம் இல்லை என்று சட்டம் சொல்வது அவருக்கு அரை ஆறுதல்தான். மூணாற்றிலும் சித்தூரிலும் குறிப்பிட்ட நாட்களில் ஆணையம் வந்து அமர வேண்டும். அங்கே தமிழ் தெரிந்த எழுத்தர் ஒருவரேனும் இருக்க வேண்டும்.

அழைப்பிதழில் கேட்டிருந்தபடி, கடனட்டையும் கரண்டு பில்லும் சிலர் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று அறிகிறேன். மண்டபத்தின் வடபுறம் ஒரு திண்ணை இருக்கிறது. நண்பர்கள் இருவர் என்னோடு அங்கே உட்காருவார்கள். மூணாற்றுக்குத் திரும்பும் பேருந்து நாலரை மணிக்கு. மலையிலிருந்து வந்தவர்கள் முதலில் வரட்டும்.