பெயர் நம்முடையது, சாவி யாருடையது?

(பினாங்கு, ஜார்ஜ்டவுன், சூலியா தெருவில் நடைபெற்ற கலந்துரையாடல் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



கைப்பேசியும் நம் உரிமையும் என்ற தலைப்பில் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். உரிமை என்றதும் நமக்குத் தமிழ்ப்பள்ளி, குடியுரிமை, வீடு, வேலை ஆகியவைதாம் நினைவுக்கு வரும். கைப்பேசி இதில் எங்கே வந்தது என்று சிலர் கேட்கலாம். பள்ளிச் செய்தி இன்று புலனக் குழுவில் வருகிறது. சம்பளம் வந்ததா என்று கைப்பேசியில்தான் பார்க்கிறோம். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்காக மனுச் செய்யும்போது, வீட்டில் உள்ள ஆவணங்களையெல்லாம் படம் பிடித்து யார் யாருக்கோ அனுப்புகிறோம். ஆகவே இது பொழுதுபோக்குப் பேச்சு அன்று.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இணையத்தில் பெயர் நம்முடையது, பொறுப்பும் நம் தலையில் விழுகிறது. பொருளும் சாவியும் மட்டும் வேறொருவர் கையில் இருக்கின்றன.

வாடகை வீடு

இது சூலியா தெருவுக்குப் பழகிய கதை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைச் சூலியர் என்று அழைத்தார்கள். அவர்களால் இத்தெருவுக்குப் பெயர் வந்தது. 1801-இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்திலேயே நிற்கிறது. நாகூர் தர்காவும் இதே தெருவில் இருக்கிறது. சமூகத்தின் பெயரில் இடம் இருந்ததால் அவை நிலைத்தன.

சுற்றியிருந்த கடைவீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களின் கதை வேறு. 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காவலாக இருந்தது. குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாகப் பல இனத்தவரும் தொழில் செய்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள். 2000 ஜனவரி 1 முதல் அந்தக் காவல் நீங்கியது. வாடகை ஏறியது, பலர் காலி செய்தார்கள். 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது கட்டடங்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. குடியிருந்தவர்களில் பலர் அதற்குள் போய்விட்டார்கள். எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தோம் என்று யாரும் கேட்கவில்லை, பட்டா யார் பெயரில் என்றுதான் கேட்டார்கள்.

முகநூலிலும் கூகுளிலும் நாம் இப்படித்தான் குடியிருக்கிறோம். காசு வாங்காததால் சொந்த வீடு என்று நினைத்துக்கொண்டோம். காசு கொடுத்து வாங்கியதும் சொந்தமாகிவிடுவதில்லை. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம் தன் கிண்டில் கருவிகளில் வாசகர்கள் வாங்கி வைத்திருந்த ஜார்ஜ் ஆர்வெல் நூல்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் நம் வீட்டு அலமாரிக்குள் கடைக்காரர் கைவிட முடியும் என்று அன்று உலகம் தெரிந்துகொண்டது. 2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய நூல்களும் சேர்ந்தே போயின. பணம் திரும்பியது, நூல் திரும்பவில்லை. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 முதல் ஒரு சட்டம் நடப்பில் உள்ளது: இத்தகைய பொருளுக்கு 'வாங்கு' என்று எழுதும் கடை, தான் கொடுப்பது உரிமம் மட்டுமே என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இத்தெருவின் பழைய புத்தகக் கடைகளைப் பலர் அறிவீர்கள். படித்த நூலை விற்று வேறொன்று வாங்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம், பேரனுக்கு விட்டுச் செல்லலாம். மின்னூலில் இது பெரும்பாலும் முடியாது.

நம் வரலாறு எங்கே இருக்கிறது?

நூல் போனால் வேறு வாங்கலாம். நம் பதிவு போனால் எங்கே வாங்குவது? இணையம் வந்த காலத்தில் நம்மவர்கள் பலர் ஜியோசிட்டீஸ் தளத்தில் இலவசப் பக்கம் போட்டார்கள், யாகூ குழுமங்களில் மடல் எழுதினார்கள். பெரிய பத்திரிகை கண்டுகொள்ளாத செய்திகளை அங்கேதான் பேசினோம். ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. யாகூ குழுமங்களின் மடல்கள் அழிக்கப்பட்டன, 2020 டிசம்பரில் அச்சேவையே நின்றது. மைஸ்பேஸ் தளத்தில் 2016-க்கு முன் ஏற்றிய பாடல்கள் தொலைந்துவிட்டதாக 2019-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது.

எழுத்துருச் சிக்கலையும் நினைத்துப் பாருங்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் அஞ்சல், திஸ்கி, தாப், தாம் என்று பல முறைகளில் தமிழை எழுதினோம். அந்தக் கோப்பை இன்று அப்படியே திறந்தால் புரியாத குறிகள்தாம் தெரியும். மாற்றித் தரும் மென்பொருள் உண்டு, ஆனால் கோப்பு கையில் இருந்தால்தானே மாற்றலாம்!

சிங்கப்பூரில் 1887-இல் தொடங்கிய 'சிங்கை நேசன்' இதழை இன்றும் நூலகத்தில் படிக்க முடிகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் எழுதிய மடல் கிடைப்பதில்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோதும், கோயில் உடைபட்டபோதும் எடுத்த படங்கள் யாரோ ஒருவரின் பழைய கைப்பேசியில் கிடக்கின்றன. நாளை வழக்கு என்று வந்தால் எதைக் காட்டுவோம்?

கிராணியின் செக்ரோல்

அடுத்தது தனியுரிமை. "மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?" என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு செக்ரோல் தெரியும். யார் வேலைக்கு வந்தார், எத்தனை நாள் பேர் போட்டார்கள், சம்பளத்தில் எவ்வளவு பிடித்தம், எல்லாம் கிராணியின் கையில் இருந்தது. நம்மைப் பற்றிய கணக்கு, ஆனால் நம்மால் பார்க்க முடியாது, தப்பாக இருந்தால் திருத்தவும் முடியாது. தொழிலாளியிடம் ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அந்தக் கணக்குதான் அவர் வாழ்க்கையை ஆட்டிவைத்தது.

இன்று செக்ரோல் பல கைகளில் இருக்கிறது. மைகார்டின் 12 எண்களைச் சொன்னாலே பிறந்த தேதி, பிறந்த மாநிலம், ஆணா பெண்ணா என்பவை தெரிந்துவிடும். பினாங்கில் பிறந்தவருக்கு 07. 2017 அக்டோபரில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள், அடையாள அட்டை எண், முகவரி உட்பட, கசிந்த செய்தி வெளிவந்தது. அப்போது நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம். கடவுச்சொல் திருடு போனால் மாற்றலாம். அடையாள அட்டை எண்ணை அப்படி மாற்ற முடியாது. போலீஸ் என்று சொல்லித் தொலைபேசியில் மிரட்டும் மோசடிக்காரன் நம் பெயரையும் முகவரியையும் சரியாகச் சொல்வது இப்படித்தான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. ஒரு நிறுவனம் நம்மைப் பற்றி வைத்திருக்கும் விவரத்தைக் கேட்டுப் பார்க்கவும் திருத்தச் சொல்லவும் நமக்கு அதில் உரிமை உண்டு. அதாவது, கிராணியிடம் செக்ரோலைக் காட்டு என்று கேட்கும் உரிமை! நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? 2025 ஜூன் முதல், தரவு கசிந்தால் நிறுவனம் ஆணையரிடம் அறிவிக்க வேண்டும். பெரும் பாதிப்பு ஏற்படக்கூடும் என்றால் நமக்கும் சொல்ல வேண்டும். ஆனால் இச்சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. நம் மக்களின் ஆவணங்கள் அதிகம் இருப்பதோ அரசாங்க அலுவலகங்களில்தான்.

பொறுப்பு என்று வரும்போது மட்டும் சட்டம் நம் வீட்டுக் கதவைத் தட்டும். சான்றுச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவின்படி, இணையத்தில் ஒன்று வெளியானால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, கணினி யார் வசம் இருக்கிறதோ, அவரே வெளியிட்டதாக முதலில் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது அவர் வேலை. 2012 ஆகஸ்டு 14-இல் பல இணையத்தளங்கள் முகப்பை இருளாக்கி எதிர்ப்புத் தெரிவித்தன. பிரிவு நீங்கவில்லை. எனவே உங்கள் பெயரில் சிம் அட்டை எடுத்து நண்பரிடம் கொடுப்பதும், வைஃபை கடவுச்சொல்லைக் கடைச் சுவரில் ஒட்டுவதும் சாதாரணச் செயல்கள் அல்ல.

என்ன செய்யலாம்?

ஒன்று: மைகார்டு நகல் கொடுக்கும்போது அதன் மேல் கோடிட்டு, எந்த வேலைக்கு, என்ன தேதி என்று எழுதுங்கள். வாசலில் நிற்கும் பாதுகாவலருக்கு அட்டையை வாங்கி வைத்துக்கொள்ள அதிகாரம் இல்லை. மரியாதையாக மறுக்கலாம்.

இரண்டு: பிறர் ஆவணங்களைப் புலனக் குழுவில் போடாதீர்கள். உதவி கேட்டு வரும் தாயின் பிறப்புப் பத்திரம் இருநூறு பேர் பார்ப்பதற்கு அல்ல. மனு வேலைக்கு ஒருவர் பொறுப்பேற்கட்டும். வேலை முடிந்ததும் தேவையற்ற நகல்களை அவரே அழிக்கட்டும்.

மூன்று: படங்களையும் அறிக்கைகளையும் வன்தட்டில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அலுவலகத்தில், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். தேதி, ஊர், படத்தில் உள்ளவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். முக்கியமானவற்றைத் தாளில் அச்சிடுங்கள். யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டது. ஒரே இடத்தில் இருப்பது ஒரே இரவில் போகும் என்பதை அது காட்டியது. ஈழத்துத் தமிழர்கள் 2005-இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகம் பல்லாயிரம் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து எல்லார்க்கும் திறந்து வைத்திருக்கிறது. நம்மாலும் முடியும்.

நான்கு: வீட்டுப் பெரியவரின் கணக்கு அவருக்குப் பின் யாருக்கு என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். ஈராண்டுகள் பயன்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. அப்பாவின் படங்கள் அதோடு போய்விடும்.

ஐந்து: அரசாங்கத்தையும் தரவுச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம்.

கைப்பேசியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நம் குரல் வெளியே கேட்டதற்கு அதுவும் காரணம். வாடகை வீட்டில் இருக்கலாம், தவறில்லை. ஆனால் வீட்டுப் பத்திரத்தையும் தாலியையும் வாடகை வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்க மாட்டோம் அல்லவா? இன்று இரவே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.