ஆயாவைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள்

(திருவொற்றியூர்ப் பகுதி ஆசிரியர்களின் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

முதுமை மறதி நோய் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் மருத்துவர் அல்ல, கணக்கு டீச்சர். ஆனாலும் ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு.

என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டாள். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் திட்டினேன். அவள் பதிலே சொல்லவில்லை. பிறகு தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் சொன்னாள்: "ஆயா கதவத் தொறந்துகினு போயிடுது மிஸ். அம்மா வேலைக்குப் போனா நான்தான் பாத்துக்கணும்."

வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் காசிமேட்டில் ஏலம் எடுத்து, கூடை சுமந்து, தெருத்தெருவாக மீன் விற்றவர். எழுதப் படிக்கத் தெரியாது. மனக்கணக்கில் என்னைத் தோற்கடித்திருப்பார். மூன்று வருடத்துக்கு முன் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுக்க ஆரம்பித்தார். "வயசாச்சு, மறதி" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பிறகு பழகிய தெருவே அவருக்குப் புரியாமல் போயிற்று.

ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போனபோது, தேதி கேட்டார்களாம், ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்களாம். "நான் எந்தக் காலத்துல எழுதினேன்?" என்று கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பள்ளிக்கே போகாதவருக்கு எழுத்துத் தேர்வு வைத்தால் நோய் இல்லாதவரும் தோற்பார். தேர்வு வைப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு இது சட்டென்று புரியும்.

இதை யோசித்தவர்கள் இருக்கிறார்கள். ஹரியானாவின் பல்லப்கரில் கிராமத்து முதியவர்களுக்காக 1990களில் ஒரு சோதனையை மாற்றி அமைத்தார்கள். கடிகார நேரத்துக்குப் பதில் காலையா மாலையா என்று கேட்டார்கள். கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார்கள். நம் சென்னையிலும் வேலூரிலும் 10/66 என்ற ஆய்வுக்குழு வீடு வீடாகப் போனது. இந்த எண் கணக்கு வகுப்புக்கே உதவும். இந்நோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, மக்களிடையே நடந்த ஆய்வில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதே அதன் பொருள். அவர்கள் முதியவரை மட்டும் கேட்கவில்லை, உடனிருப்பவரையும் கேட்டார்கள். முன்பு செய்த வேலை இப்போது முடிகிறதா, பணம் கையாள்வது மாறியிருக்கிறதா என்று. மீன் விற்றவரின் சில்லறைக் கணக்கு தவறியதைச் சொல்ல மகள் இருந்தாள். கேட்கத்தான் ஆள் இல்லை.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், படித்தவர்களைவிடப் படிக்காதவர்களிடமும் அதிகம். இதை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. எனவே வருமுன் தடுப்பதும் தள்ளிப்போடுவதும் பெரிய வேலை. லான்செட் ஆணையம் 2024இல் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொல்லியது. எல்லாவற்றையும் சரிசெய்தால் ஏறத்தாழ 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம்.

அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு நம் ஊர்தான் தெரிந்தது. காதுகேளாமை அதில் முக்கியமானது. துறைமுகத்திலும் பட்டறையிலும் இரைச்சலிலேயே உழைத்த எத்தனை தாத்தாக்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்! காற்று மாசும் இருக்கிறது. எண்ணூர், மணலிக்காரர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தனி மனிதர் யாரும் மாற்றவும் முடியாது. ரத்த அழுத்தம், சர்க்கரை விஷயம் வேறு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அவற்றுக்கான மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அதை ஒழுங்காகச் சாப்பிடுவது மூளைக்கும் காவல்.

பட்டியலின் இன்னொரு வரியில் நாமே இருக்கிறோம்: சிறுவயதில் கல்வி குறைவாக இருப்பது. படிப்பு நோயை வராமலே செய்துவிடும் என்று அர்த்தமல்ல. இளமையில் படித்த மூளைக்குச் சேமிப்பு கூடுகிறது. சேதம் வந்தாலும் நெடுநாள் தாங்குகிறது. ஆயாவின் நோயால் பேத்தியின் படிப்பு நின்றால் அவளுடைய சேமிப்பும் குறையும். அவளை வகுப்பில் திட்டியபோது இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது.

அதனால்தான் கேட்கிறேன்: வருகைப் பதிவேட்டில் விட்டுவிட்டு வராத பிள்ளைகளிடம் "ஏன் வரல?" என்பதற்குப் பதில், "வீட்ல யாரைப் பாத்துக்கிற?" என்று தனியாகக் கேட்டுப்பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். மறதி கூடுகிறது என்று சொல்லும் வீட்டாரை அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். உடன் இருப்பவரும் போய், முன்பு எப்படி இருந்தார் என்பதைச் சொல்லட்டும். தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு போன்றவற்றால் வரும் மறதியும் உண்டு. அவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது.

அந்த மாணவி இப்போது தினமும் வருகிறாள், பத்து நிமிடம் தாமதமாக. ஆயாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் உட்காரவைத்துவிட்டு வர அவ்வளவு நேரம் ஆகிறது. முதல் பாடவேளை என்னுடையதுதான். அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் புதிய கணக்கைத் தொடங்குகிறேன்.