கனமான பிளேடுதான் உறுதியா?



உப்பிலியபுரத்தில் எங்கள் குழு மரச்சாமான் செய்கிறது. சப்பாத்திப் பலகை, பூரிக்கட்டை, மத்து, கரண்டி எல்லாம் செய்கிறோம். என்னை பேண்ட்சா பிளேடு பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க. அதுல பேச என்ன இருக்குன்னு நினைக்காதீங்க. எங்க கடனே அந்தப் பிளேடுலதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

கடன் எடுத்து, 14 இஞ்ச் சக்கரம் உள்ள பழைய மிஷின் ஒண்ணு வாங்கினோம். வித்தவரே பிளேடும் மாட்டிக் கொடுத்தார். மூணாம் நாள் படார்னு அறுந்தது. அவர் கொடுத்த இன்னொரு பிளேடும் அதே வாரத்துல போச்சு. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. ஆனா குழுக் கூட்டத்துல பாதிப் பேர், "மிஷினை வித்துக் கடனைக் கட்டிடலாம்"னு சொல்லிட்டாங்க. கடையில கேட்டா, "இன்னும் கனமா வாங்கிப் போடுங்கம்மா, நாள்பட உழைக்கும்"னு பதில்.

அப்பதான் எங்க தெருவுல, மர மில்லில் வேலை பார்த்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டோம். அவர் பிளேடைத் தொடவே இல்லை. முதல்ல சக்கரத்தை அளந்தார். "சக்கரத்தோட விட்டத்துல ஆயிரத்துல ஒரு பங்குதாம்மா பிளேடோட கனம்"னார். 14 இஞ்ச் என்றால் 355 மில்லிமீட்டர். ஆயிரத்தில் ஒரு பங்கு 0.35 மில்லிமீட்டர். பள்ளிக்கூடத்துல பார்த்த வெர்னியர் அளவியை வாங்கி வந்து, அறுந்த பிளேடை அளந்தோம். 0.9 இருந்தது. அது 36 இஞ்ச் சக்கரம் ஓடுற பெரிய மில்லுக்கு ஆகிற கனம்.

காரணம் சுலபம். ஈர்க்குச்சியை விரல்ல சுத்தினா வளையும். மட்டையைச் சுத்தினா முறியும். எங்க பிளேடு நீளம் 2.4 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நிமிசத்துக்கு 900 மீட்டர் வேகத்துல ஓடினா சுமார் 375 சுத்து வரும். ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு சக்கரத்துல வளையணும். அப்போ நிமிசத்துக்கு 750 தடவை வளைஞ்சு நிமிருது! சின்னச் சக்கரத்துல கனமான இரும்பு அதைத் தாங்காது, கீறல் விட்டு அறுந்துடும்.

0.35 எப்பவும் கிடைக்காது. 14 இஞ்ச் மிஷினுக்கு 0.6 வரைக்கும் போடுறவங்க உண்டு. ஆனா கனம் கூடக் கூட ஆயுசு குறையும். மெலிசுக்கும் ஒரு குறை இருக்கு. தடித்த கட்டையை வேகமாத் தள்ளினா வெட்டு கோணும். அதனால நிதானமாத் தள்ளணும்.

மெலிசுல லாபமும் உண்டு. வட்ட ரம்பம் ஒரு வெட்டுக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். மெலிசான பிளேடு, பல் விரிப்போட சேர்த்து, சுமார் 1 மில்லிமீட்டர்தான் தின்னும். பத்து வெட்டுக்கு 20 மில்லிமீட்டர் மிச்சம். அது ஒரு சப்பாத்திப் பலகையோட கனம்!

கடைக்குப் போறப்ப கேஜ் கணக்குல ஏமாந்துடாதீங்க. தையல் மிஷின் ஊசியில நம்பர் கூடினா ஊசி தடிக்கும், 11 மெல்லிசு, 16 தடிப்பு. பிளேடு கேஜ் அதுக்கு நேர் எதிர். 20 கேஜ் சுமார் 0.9, 22 கேஜ் சுமார் 0.7 மில்லிமீட்டர். அதனால மில்லிமீட்டர்லயே கேளுங்க. அகலத்தையும் பாருங்க. 9 இஞ்ச் வட்டப் பலகைக்கு நாலு நூல், அதாவது அரை இஞ்ச் பிளேடு திரும்பும். ஆறு நூல் திரும்பாது. கரண்டி வளைவுக்கு ரெண்டு நூல் வேணும். பிளேடை இணைச்ச இடத்தையும் தடவிப் பாருங்க, மேடு இருக்கக் கூடாது.

அந்த இணைப்புக்குப் பின்னாடி ஒரு பெண் இருக்கார். இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் 1809-லேயே இந்த ரம்பத்துக்குக் காப்புரிமை வாங்கிட்டார். ஆனா பிளேடை இணைச்ச இடம் வளைவுல தாங்காம விட்டுப்போச்சு. 1846-ல் பிரான்ஸில் ஆன் பாலின் கிரெபின் என்ற பெண்தான் நல்லா இணைக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பொம்பளைக்கு மிஷின் எதுக்குன்னு யாராவது கேட்டா, இந்தப் பேரைச் சொல்லுங்க.

பாதுகாப்பையும் சொல்லிடறேன். முந்தானையைச் செருகி, கூந்தலை முடிஞ்சு, வளையலைக் கழட்டிட்டு நில்லுங்க. கையுறை வேண்டாம், பல்லு இழுத்துடும். பிளேடு அறுந்தா சுவிட்சை அணைச்சு, சக்கரம் முழுசா நின்ன பிறகே கதவைத் திறங்க. வேலை முடிஞ்சதும் பிளேடோட இறுக்கத்தைத் தளர்த்தி வைங்க.

மிஷினை நாங்க விக்கலை. மெலிசான பிளேடு போட்டோம், தவணையும் ஒழுங்காப் போகுது. எந்தப் பிளேடு என்னிக்குப் போட்டோம், என்னிக்கு அறுந்ததுன்னு குழு நோட்டுலயே எழுதறோம். நீங்க எந்த மிஷின் வாங்கினாலும், கடைக்காரர் சொல்றதைக் கேட்டுக்கங்க, ஆனா அளவை நீங்களே எடுங்க.