உதிராத முடிச்சு



சோயாச் செடியைப் பிடுங்கினால் வேரில் சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். விரலால் தள்ளிப் பாருங்கள். உதிர்ந்தால் நல்லது. அது தழைச்சத்து சேர்த்துத் தரும் நுண்ணுயிரின் வீடு. உதிரவில்லையா? வேரே வீங்கியிருக்கிறதா? அது நூற்புழுவின் வேலை.

கண்ணுக்குத் தெரியாத புழு அது. வேருக்குள் புகுந்து, சில செல்களைப் பெருக்க வைக்கும். அந்தப் பெருத்த செல்கள்தான் அதன் சோற்றுப்பானை. பானை இல்லையென்றால் புழு பட்டினி.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் மணற்பாங்கான நிலங்களில் இந்தத் தொல்லை உண்டு. அங்கே ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார், சேமிப்பில் இருந்த ஆயிரக்கணக்கான சோயா விதைகளை முளைக்கவிட்டு, புழுவை விட்டு, வேர் முடிச்சுகளை எண்ணி எண்ணிப் பார்த்தார்கள். எவ்வளவு பொறுமை! கடைசியில் சில செடிகள் கிடைத்தன. புழு உள்ளே வந்தது. ஆனால் பானை சரியாக அமையவில்லை. முட்டையும் குறைந்தது.

அந்தக் குணத்தை, நன்றாகக் காய்க்கும் ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலப்புச் செய்து சேர்த்தார்கள். எதிர்ப்பு விதைக்குள்ளேயே வந்துவிட்டது. மருந்துச் செலவு மிச்சம்.

ஒன்று மட்டும் கவனம். ஒரு வகைப் புழுவைத் தாங்கும் ரகம், இன்னொரு வகையையும் தாங்கும் என்பதில்லை. முதலில் மண்ணில் எந்தப் புழு என்று பார்க்க வேண்டும். பிறகுதான் விதை.