மருந்துண்ணும் தாயும் மடிக்குழவியும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது நம் முதுமொழி. அபினுக்கு அடிமைப்பட்ட தாயொருத்திக்கும் அம்மொழி பொருந்துமோ என ஐயுறுவார் உளர். பொருந்தும் என்பதே யாம் இன்று கூறப் புகுவது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்தவற்றைச் சான்றாகக் கொள்வாம்.

அபினினின்று பெறும் மார்பின், ஹெராயின், அவற்றையொத்த வலிநீக்கி மாத்திரைகள் ஆகியவற்றின் வயப்பட்டார் அந்நாட்டில் மிகப் பலர். அவருள் கருவுற்ற மகளிரும் உளர். இஃது ஒழுக்கக்கேடு என்று ஒதுக்கத்தக்கதன்று. மருத்துவத்தால் தணியும் நோயாம். "இன்றே விட்டொழி" என்பது நல்லுரைபோலத் தோன்றும். ஆயின் திடீரென நிறுத்தினார் மீண்டும் அதன்கண் வீழ்தல் எளிது. வீழுங்கால் அளவு மிகுந்து உயிரிழத்தலும் உண்டு. ஆதலின் மெதடோன், புப்ரநோர்பின் என்னும் மருந்துகளை மருத்துவர் அளந்து கொடுத்து வருகின்றனர்.

கொப்பூழ்க்கொடி அறுந்தவுடன் குழவிக்கு அம்மருந்தின் வரவும் அறுகின்றது. அதனாற் சின்னாட்களில் குழவி கைகால் நடுங்கும், வீறிட்டழும், பாலுண்ணாது, உறங்காது. லொரெட்டா பின்னெகன் என்னும் அம்மையார் 1975-இல் இக்குறிகளை எண்ணிட்டு அளக்கும் முறையை வெளியிட்டார். அது பெரிதும் பயன்பட்டது. ஆயினும் இத்தகைய குழவிகளைத் தாயினின்றும் பிரித்துத் தனியறையில் வைத்து, எண் மிகுந்தவிடத்து மார்பின் ஊட்டுதல் பல மருத்துவமனைகளில் வழக்கமாயிற்று. ஒளியும் ஓசையும் மிக்க அவ்வறையிற் குழவி ஆறுதல் பெறுவது யாங்ஙனம்? தாயோ, தன்னால் விளைந்த துன்பம் என நாணி, அணுகவும் அஞ்சுவாள்.

பின்னர் யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவராகிய மாத்தியூ கிராஸ்மன் முதலியோர் மூன்று வினாக்களையே முதன்மையாகக் கொண்டனர். குழவி உண்கின்றதா? உறங்குகின்றதா? தேற்றத் தேறுகின்றதா? இவை நிகழுமாயின் மார்பினுக்கு இடமில்லை. மங்கிய ஒளியுள்ள அமைதியான அறையில் தாயோடு குழவியை இருத்தி, மெய்யோடு மெய் அணைத்தலைக் கற்பித்தனர். குழவி முகந்திருப்பின் அது தாயை வெறுத்தலன்று, ஒளியையும் ஓசையையும் பொறாமையே என்றும் உணர்த்துதல் வேண்டும். அதனை அறியாத தாய் மனம் உடைகின்றாள்; அறிந்தவள் அணைத்துக்கொள்கின்றாள்.

பயன் யாது? 26 மருத்துவமனைகளில் நடத்திய ஆராய்ச்சி 2023-இல் வெளிவந்தது. பழைய முறையில் குழவி வீடு செல்லத் தகுதிபெறச் சராசரி 14.9 நாள் ஆயிற்று. புதிய முறையில் 8.2 நாளே. மருந்து வேண்டிய குழவிகள் நூற்றுக்கு 52-லிருந்து 19.5 ஆகக் குறைந்தன. மேலும், மெதடோனையோ புப்ரநோர்பினையோ ஒழுங்காக உண்டு, பிற போதைப்பொருளைத் தீண்டாத தாய், வேறு தடை இல்லையாயின் பாலூட்டலாம். பாலிற் கலக்கும் மருந்து மிகச் சிறிதே.

இதற்கு மாறாக, டென்னசி மாகாணம் 2014-இல் இத்தாய்மாரைத் தண்டிக்கச் சட்டம் இயற்றியது. அச்சத்தால் அவர்கள் மருத்துவரையே நாடாதொழிவர் என அறிஞர் பலர் எதிர்த்தனர். 2016-இல் அச்சட்டம் காலங்கடந்து ஒழிந்தது.

குழவிக்கு ஊறு நேருமென அஞ்சத்தக்கவிடத்துப் பிறர் காவல் வேண்டுவதே, அதனை மறுக்கின்றிலம். ஆயின் திருந்த முயலும் தாயைப் பழித்தலாற் குழவிக்கு நன்மை யாதும் இல்லை. அன்பர்காள்! நம் குடும்பங்களிலும் குடியோ மாத்திரையோ பற்றிய துயர் புகுமாயின், குலத்துக்கு இழுக்கென மறைத்தல் வேண்டா. மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். குழவியை அவள் மடியிலே கொடுங்கள். இதுவே நம் சங்கத்தார்க்கு யாம் செய்துகொள்ளும் விண்ணப்பம்.