அடுத்த விமானம் என்றைக்கு?

தென் அட்லாண்டிக் பெருங்கடலில் பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட இரண்டு சிறு தீவுகள் உண்டு: செயின்ட் ஹெலினா, அசென்ஷன். இரண்டிலும் விமான நிலையம் இருக்கிறது. இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஜெட் விமானத்துக்கு, ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால், இரண்டு மணி நேரப் பயணம். கணக்கில் பிழையில்லை. ஆனால் 2017 நவம்பரில் இந்த இரண்டு தீவுகளுக்கும் இடையே பயணிகள் விமானம் பறக்கத் தொடங்கியபோது, மாதத்துக்கு ஒரு முறைதான் பறந்தது. அதைத் தவறவிட்டவருக்கு அடுத்த வாய்ப்பு அடுத்த மாதம். அப்படியானால் பயண நேரம் இரண்டு மணி நேரமா, முப்பது நாளா? ஒதுங்கிக் கிடக்கும் ஊர்களின் தொலைவை, அடுத்த விமானம் என்றைக்கு என்று கேட்டுத்தான் அளக்க வேண்டும் என்பேன்.

பறக்கும் நேரமும்கூட வெறும் வகுத்தல் கணக்குக்குள் அடங்குவதில்லை. செயின்ட் ஹெலினாவின் ஓடுபாதை கடலோரச் செங்குத்துப் பாறையின் உச்சியில் முடிகிறது. கடலிலிருந்து வரும் காற்று அந்தப் பாறைச் சுவரில் மோதிச் சுழல்கிறது. தரையிறங்கும் நேரத்தில் காற்றின் வேகமும் திசையும் சட்டென்று மாறுகின்றன. 2016இல் திறப்பதாக இருந்த நிலையத்துக்கு இதனாலேயே வழக்கமான பயணிகள் விமானம் 2017 அக்டோபரில்தான் வந்தது. அதுவும் முதலில் திட்டமிட்டதைவிடச் சிறிய விமானம். இறங்க முடியாமல் போனால் ஒதுங்குவதற்குப் பக்கத்தில் வேறு நிலையம் இல்லை. ஆப்பிரிக்கக் கரை ஏறக்குறைய 1,900 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. திரும்பிப் போகவும் எரிபொருள் வேண்டும் என்பதால், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வரும் விமானம் வழியில் நமீபியாவில் இறங்கி நிரப்பிக்கொண்டு வருகிறது.

முன்பு கேப் டவுனிலிருந்து கப்பலில் ஐந்து நாள் ஆனதே, விமானம் பெரிய வரமில்லையா என்று கேட்கலாம். வரம்தான், மறுக்கவில்லை. சில ஆயிரம் பேருக்காக அடிக்கடி விமானம் விட்டால் கட்டுபடியாகுமா என்றும் கேட்கலாம். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளைப் பாருங்கள். வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே 2.7 கிலோமீட்டர்; அட்டவணையில் இரண்டு நிமிடம். பாப்பா வெஸ்ட்ரேயில் நூறு பேர்கூட இல்லை. ஆனாலும் அரசுப் பண உதவியோடு அந்தச் சேவை நடக்கிறது; ஆசிரியரும் மருத்துவரும் நோயாளியும் அதில் போய்வருகிறார்கள். 1,300 கிலோமீட்டர் கடலைக் கடக்கும் செலவு வேறு என்பது உண்மை. தினமும் பறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் தூரத்தைக் குறைக்க யாராலும் முடியாது. காத்திருக்கும் நாட்களைக் குறைக்க அரசால் முடியும்.

ஆகவே, ஒரு தீவு இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்று இனி எங்கே படித்தாலும், மாதத்துக்கு எத்தனை விமானம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே நோயில் கிடப்பவருக்கு அந்த எண்தான் தொலைவு.