தீப்பிடித்த கைப்பேசியும் நமது உரிமையும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்தில் விபத்து நேர்ந்தால் முதலில் எழும் சொல் எதுவென்று நமக்குத் தெரியும். 'தொழிலாளி கவனமாக இல்லை' என்பதே அது. கைப்பேசி சூடேறிப் புகைந்தால் கடையிலும் அதே சொல்தான்: 'நீங்கள் இரவெல்லாம் சார்ஜில் போட்டிருப்பீர்கள்!' இது எப்போதும் உண்மைதானா? 2016ஆம் ஆண்டில் நடந்ததைப் பார்ப்போம்.

அவ்வாண்டு ஆகஸ்டு 19இல் தென்கொரியாவின் சாம்சங் நிறுவனம் கேலக்ஸி நோட் 7 என்னும் விலையுயர்ந்த கைப்பேசியை விற்பனைக்கு விட்டது. சில நாட்களுக்குள்ளேயே, சார்ஜ் ஏற்றும்போது தீப்பிடித்ததாக வாங்கியவர்கள் முறையிட்டார்கள். எரிந்த கருவிகளின் படங்களை ஊரறிய வெளியிட்டார்கள். செப்டம்பர் 2இல் நிறுவனம் விற்பனையை நிறுத்திற்று. சுமார் 25 லட்சம் கைப்பேசிகளுக்கு மாற்றுக் கொடுப்பதாக அறிவித்தது.

வேறு பேட்டரி பொருத்திய புதிய கைப்பேசி கொடுத்தார்கள். அதுவும் எரிந்தது! அக்டோபர் 5இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில், புறப்பட இருந்த விமானத்துக்குள் ஒரு கைப்பேசி புகைந்தது. பயணிகள் அனைவரும் இறக்கப்பட்டார்கள். அது மாற்றிப் பெற்ற கைப்பேசி என்றார் அதன் சொந்தக்காரர். அக்டோபர் 11இல் உற்பத்தியே கைவிடப்பட்டது.

குற்றம் யாருடையது? லித்தியம் பேட்டரிக்குள் நாம் உருட்டும் ரப்பர் ஷீட்டைவிடப் பன்மடங்கு மெல்லிய இரு தகடுகள் உண்டு. நடுவே ஒரு மெல்லிய தடுப்பு. தடுப்புக் கிழிந்து தகடுகள் தொட்டுக்கொண்டால் சூடு பிறக்கும்; சூடு மேலும் சூட்டை வளர்த்துத் தீயாகும். 2017 ஜனவரி 23இல் நிறுவனமே காரணத்தை வெளியிட்டது. முதல் பேட்டரியில் மூலைத் தகடு வளைந்திருந்தது. இரண்டாவதில் பற்றவைத்த இடத்தில் கூர்முனைகள் துருத்தி நின்றன. வாங்கியவர் கவனக்குறைவு காரணமே அல்ல!

தோழர்களே, இதில் நமக்குப் பாடம் உண்டு. ஒருவர் சொன்னால் புலம்பல். பலர் சேர்ந்து சொன்னால் முறையீடு. பழுதான பொருளைத் திரும்பப் பெறுவது முதலாளி செய்யும் தருமம் அல்ல. பணம் கொடுத்தவரின் உரிமை. மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி அமைந்த தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே நாம் முறையிடலாம். ஆகவே ரசீதைப் பத்திரப்படுத்துவோம். எழுதத் தெரியாத தோழருக்குக் கிராணிமார் தோழர்கள் மனு எழுதிக் கொடுப்பது சங்கக் கடமையாகும்.

உரிமையோடு பாதுகாப்பும் வேண்டும். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் ஏற்ற வேண்டாம். பேட்டரி உப்பினால் அழுத்தவோ குத்தவோ கூடாது. கைப்பேசியை அணைத்துவிட்டு, எரியும் பொருள் அருகில்லாத இடத்தில் வைத்துப் பழுது பார்ப்பவரிடம் சேர்க்க வேண்டும். திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால், 'என்னுடையது நன்றாகத்தானே ஓடுகிறது' என்று வைத்துக்கொள்ளாமல் உடனே ஒப்படைக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் உள்ள லயத்தில், ஒரு வீட்டில் பற்றும் தீ ஒரு வீட்டோடு நிற்குமா?

விடியுமுன் எழுந்து பால் வெட்டிச் சேர்த்த வெள்ளி அது. அதற்கு ஈடாகப் பழுதற்ற பொருளைக் கேட்போம், ஒன்றுபட்டுக் கேட்போம்!